தீபாவளி அன்று எடுத்த படம்

காப்பார்
2 டிசம்பர் 2024

செலின் மேடம் அவர்களுக்கு,

என் பெயர் அமுதவள்ளி. என்னை உங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரைத் தெரியும். தீபாவளி அன்று ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு, ஜாகா வேலையில் இருந்தாரே, வேலாயுதம், அவர்தான். நீங்களும் உங்கள் சபைக்காரர்களும் வேனில் வந்து அவருக்கு முறுக்கு, கேசரி, காப்பி எல்லாம் கொடுத்தீர்கள். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி உள்ளவருக்குக் கேசரி. சரி, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பையில் ஒரு கார்டு இருந்தது. "பண்டிகை நாளிலும் உழைக்கும் உங்களுக்கு எங்கள் அன்பு. எந்தத் தேவை என்றாலும் எழுதுங்கள்." கீழே உங்கள் பெயரும் பிரிக்பீல்ட்ஸ் விலாசமும். எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், எழுதுகிறேன்.

கார்டில் இருந்த நம்பருக்கு ஒருமுறை அழைத்தேன். நீங்கள் சந்தோஷமாக ஹலோ சொன்னீர்கள். வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பும் வேண்டாம். அதில் போட்டால் எங்கெங்கோ போய்விடும் என்று இப்போது எனக்குத் தெரியும். தாளில் எழுதினால் உங்கள் கையில்தான் இருக்கும்.

அன்று நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்தேன். அவர் காலில் ஷூ இல்லை. ஸ்டூலில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் தரையில் முட்டி போட்டு அந்தக் காலைக் கழுவித் துணி கட்டுகிறீர்கள். பின்னால் கம்பெனி கேட் அகலத் திறந்து கிடக்கிறது. இதை உங்கள் சபையின் ஃபேஸ்புக்கில் போட்டு, 'மறக்கப்பட்ட நம் சகோதரர்' என்று மேலே எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேலானவர்கள் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அவருடைய சூப்பர்வைசருக்கும் அனுப்பிவிட்டார்.

நான்காவது நாள் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், காலில் புண் வேறு, இவன் எந்தத் திருடனைத் துரத்துவான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பதினோரு வருஷம் அந்த கேட்டில் நின்றவர்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். சாயங்காலம் வந்தார். "வேலை எப்படி?" என்றால் "எப்பவும் போலதான்" என்றார். நவம்பர் 25, திங்கட்கிழமை கிளம்பியவர் திரும்பவில்லை. போன் அடைத்துக் கிடக்கிறது. கம்பெனிக்கு அழைத்தபோதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். அவருடைய மாத்திரை அத்தனையும் வீட்டில் இருக்கிறது.

இருபத்தேழு வருஷம் அவரோடு வாழ்கிறேன். அந்தப் புண்ணை எனக்கு அவர் காட்டியதே இல்லை. "ஷூ கடிச்சிருச்சு, விடு" என்பார். உங்களுக்குக் காட்டியிருக்கிறார். அதனால்தான் கேட்கிறேன். அவர் உங்களிடம் என்ன பேசினார்? எங்காவது போக வேண்டும் என்று சொன்னாரா? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

அமுதவள்ளி

●

பிரிக்பீல்ட்ஸ்
5 டிசம்பர் 2024

அன்புள்ள சகோதரி அமுதவள்ளி அவர்களுக்கு,

ஆண்டவரின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்ததும் மிகவும் துக்கமடைந்தேன்.

எங்கள் குழு நான்கு வருடங்களாக இந்த ஊழியத்தைச் செய்துவருகிறது. பண்டிகை நாள்களில் எல்லாரும் வீட்டில் இருக்கும்போது வேலையில் நிற்பவர்களைத் தேடிப் போவோம். பெட்ரோல் நிலையத்தில் இருப்பவர்கள், பஸ் ஓட்டுநர்கள், குப்பை லோரிக்காரர்கள், உங்கள் கணவரைப் போன்ற காவலாளிகள். யாரையும் மதம் மாற்ற அல்ல. ஒரு பொதி, ஒரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான்.

நான் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் வேலை செய்கிறேன். புண்ணைக் கட்ட ஓரளவு தெரியும். சகோதரர் நொண்டி நடந்ததைப் பார்த்து நான்தான் காலைக் காட்டச் சொன்னேன். அவர் அதிகம் பேசவில்லை. மகள் இருப்பதாகச் சொன்னார். நீங்கள் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பதாகச் சொன்னார். எங்கும் போவதாகச் சொல்லவில்லை.

படத்தை எங்கள் சகோதரர் முகுந்தன் எடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் போட்டோம். இப்படி ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை. இன்றே அதை நீக்கச் சொல்லிவிட்டேன். சபையில் சகோதரருக்காக ஜெபிக்கிறோம். நீங்கள் மனம் தளராதிருங்கள்.

அன்புடன்,
செலின்

●

காப்பார்
9 டிசம்பர் 2024

செலின் மேடத்துக்கு,

படத்தை எடுத்துவிட்டீர்கள். இனி யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்து முடித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை போலீஸ்காரர் அழைத்தார். மோட்டார் கிடைத்துவிட்டது. எங்கே தெரியுமா? பிரிக்பீல்ட்ஸில். ஒரு பல் கிளினிக்குக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டு வாரமாக நிற்கிறதாம். நானும் என் மகள் சுபாவும் போய்ப் பார்த்தோம். மழையில் நனைந்து கிடந்தது. முன்கூடையில் நான் அன்று கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி. அவர் திறக்கவே இல்லை. நான் திறந்தேன். எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு யாருமில்லை. சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. அவருக்கு அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

கிளினிக் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தேன். மேசையில் ஒரு பெண் இருந்தாள், நீல பாஜு சட்டை போட்டு. படத்தில் பார்த்த முகம், நீங்கள்தான். உள்ளே வந்திருப்பேன். சுபா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "அம்மா, நீங்க இப்ப போனா அடிச்சிருவீங்க" என்றாள். அடித்திருப்பேன்.

அவர் அன்று உங்களைப் பார்க்க வந்தாரா இல்லையா? ஜெபம் வேண்டாம். பதில் எழுதுங்கள்.

அமுதவள்ளி

●

பிரிக்பீல்ட்ஸ்
12 டிசம்பர் 2024

அக்கா,

வந்தார்.

இந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று நாள் ஆயிற்று. உங்கள் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதியபோதே இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தேன். இப்போது ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் கடைசிவரை வாசித்துவிடுங்கள்.

தீபாவளி அன்று கேட் சாத்தித்தான் இருந்தது. எங்கள் வேனைத் திருப்ப இடம் இல்லை. "அண்ணே, கொஞ்சம் கேட்ட தொறங்க, வண்டிய உள்ள விட்டுத் திருப்பிக்கிறோம்" என்று முகுந்தன்தான் கேட்டார். அண்ணன் முதலில் தயங்கினார். "கம்பெனி ரூல் ஒத்துக்காதுங்க" என்றார். பண்டிகை நாள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நாங்கள் சிரித்தோம். திறந்தார். வேன் திரும்பியது. அவர் சாத்தப் போனபோது நான் நிறுத்தி உட்காரவைத்துக் காலைக் காட்டச் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்தபோது முகுந்தன் போனைத் தூக்கினார். அண்ணன் என்னிடம் மெதுவாக, "படம் வேணாம்மா" என்றார். எனக்குக் கேட்டது. முகுந்தனை நான் தடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். படத்தில் நான் சிரிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

வேலை போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சபைக்கு வந்தார். யூனிஃபார்மில்தான் வந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கேட்ட தொறக்கச் சொன்னது நீங்கதான்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்கம்மா. கம்பெனியில காட்டுனா நம்புவாங்க. பதினோரு வருஷமா என்னைத் தெரியும் அவங்களுக்கு." உடனே எழுதித் தருகிறேன் என்றேன். அன்று சாயங்காலம் எங்கள் குழுவில் பேசினேன். எழுத்தில் கொடுத்தால் கம்பெனி சபையின் மேல் வழக்குப் போடும், கொஞ்சம் பொறு என்றார்கள். பொறுத்தேன். அவர் இரண்டு முறை அழைத்தார். "செவ்வாய்க்கிழமை தரேன்ணே" என்றேன். பிறகு "அடுத்த வாரம்" என்றேன்.

25ஆம் தேதி பன்னிரண்டு மணிக்குக் கிளினிக்குக்கு வந்தார். நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் வீங்கி ஷூவுக்குள் போகாமல் பின்பக்கத்தை மடக்கி மிதித்திருந்தார். "ஒரு மணிக்கு எனக்கு லஞ்ச், இருங்கண்ணே, பேசுவோம்" என்றேன். அவரிடம் கொடுக்க என்னிடம் தாள் இல்லை. இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மணிக்குப் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

இரண்டு மணிக்குத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. "அந்த அங்கிள் ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாரு" என்றாள் என்னோடு வேலை செய்யும் பெண். "நீங்க பின்னாடி போயிட்டீங்கன்னு சொன்னேன். தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாரு."

அக்கா, அவர் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் வேலை முடிந்ததும் தேடுகிறேன். என்னிடம் அவருடைய வேறு படம் இல்லை, அந்தப் படம்தான் இருக்கிறது. அதை மறுபடி ஃபேஸ்புக்கில் போட்டு, காணவில்லை என்று எழுதினால் கிடைக்க வழி உண்டு. ஆனால் உங்களைக் கேட்காமல் இனி எதையும் செய்ய மாட்டேன்.

செலின்

●

காப்பார்
16 டிசம்பர் 2024

செலினுக்கு,

கடைசிவரை வாசித்தேன். மூன்று தடவை வாசித்தேன். நான் எழுத நினைத்ததை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. அதனால் வேலையை மட்டும் எழுதுகிறேன்.

ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். அந்தப் படத்தால்தான் அவர் தலைமறைவாகத் திரிகிறார். மறுபடி அது ஊரெல்லாம் சுற்றுவதைப் பார்த்தால் இன்னும் தூரமாகப் போவார். முகத்தை மட்டும் வெட்டித் தாளில் அச்சடித்துக் கையில் வைத்துக் கேளுங்கள். உங்கள் உருவமோ அவர் காலோ அதில் இருக்கக் கூடாது.

கோயில் அன்னதான வரிசையில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே நிற்க மாட்டார். பாலத்தடியிலும் படுக்க மாட்டார். கை நீட்டுகிற ஆள் இல்லை. எங்காவது வேலை செய்துகொண்டுதான் இருப்பார். அடையாள அட்டை கேட்காத இடமாக இருக்கும். சாலையோர ஒட்டுக்கடை, பட்டறை, காய்கறிப் பாசார், இப்படித் தேடுங்கள். தண்ணியடிக்கும் பழக்கம் இல்லை. நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும். யாராவது கூப்பிட்டால் "வந்தேன் பாஸ்" என்பார்.

கிள்ளான் பக்கம் நானும் சுபாவும் பார்க்கிறோம். கேண்டீனில் லீவு சொல்லிவிட்டேன். கிள்ளான் பாசார், பஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, எல்லாம் பார்த்துவிட்டோம். வியாழக்கிழமை பிணவறைக்கும் போனேன். பெயர் தெரியாத ஓர் ஆணின் உடல் இருப்பதாகச் சொன்னார்கள். சுபாவை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். துணியை முகத்திலிருந்து எடுக்கப் போனான் அங்கே இருந்தவன். "மொகம் வேணாம், காலக் காட்டுங்க" என்றேன். அந்த ஆளின் கால் நன்றாக இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை செத்துக் கிடக்கிறான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி என்னை ஆக்கிவிட்டீர்கள்.

மருந்தில்லாமல் மூன்று வாரம். தேடுங்கள்.

அமுதவள்ளி

●

பிரிக்பீல்ட்ஸ்
21 டிசம்பர் 2024

அக்கா,

நீங்கள் சொன்னபடி முகத்தை மட்டும் அச்சடித்தேன். கிளினிக்கில் விடுமுறை எடுத்துவிட்டேன். செந்தூல், பூச்சோங், சௌக்கிட் பாசார் எல்லாம் போனேன். நேற்று பூச்சோங்கில் ஒரு டயர் பட்டறைக்காரர் படத்தைப் பார்த்து, "இந்த மாதிரி ஒருத்தர் வேலை கேட்டு வந்தாரு, காலப் பார்த்துட்டு வேணாம்னுட்டேன்" என்றார். எப்போது என்று கேட்டேன். பத்து நாள் இருக்கும் என்றார். எந்தப் பக்கம் போனார்? "ஸ்ரீ கெம்பாங்கான் பஸ் எங்க நிக்கும்னு கேட்டாரு." அது அவர்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நெற்றியில் திருநீறு இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார்.

நேற்று போதகர் கூப்பிட்டுப் பேசினார். நான் கிறிஸ்மஸ் வேலைகளை விட்டுவிட்டுச் சுற்றுவதாகக் குழுவில் வருத்தமாம். "நீ பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. ஆனால் என்னால் அதை எங்கும் இறக்கி வைக்க முடியவில்லை. ஜெபிக்க முட்டி போடுகிறேன். முட்டி போட்டதும் அந்த கேட்டும் ஸ்டூலும்தான் முன்னால் வருகின்றன. எழுந்துவிடுகிறேன்.

25ஆம் தேதி குழு வேனில் வழக்கம்போல் பொதி கொடுக்கப் போகிறது. நான் போகவில்லை. தனியாக ஸ்ரீ கெம்பாங்கான் போகிறேன். விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் ஒவ்வோர் இடமாக ஏறி இறங்கப் போகிறேன். போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

செலின்

●

பிரிக்பீல்ட்ஸ்
28 டிசம்பர் 2024

அக்கா,

மூன்று நாள் ஆஸ்பத்திரி நடையில் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாங்கி வைத்த தேநீர் ஆறிப் போனது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்று நடந்ததை நீங்கள் என்னிடம் கேட்கப் போவதில்லை என்று தெரிந்ததால் எழுதுகிறேன். அண்ணன் சொல்ல மாட்டார்.

காலையிலிருந்து பத்து இடங்களுக்கு மேல் ஏறி இறங்கியிருப்பேன். மதியம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் புஷ்பவல்லி என்றொரு பெண் கல்லாவில் இருந்தாள். படத்தைக் காட்டினேன். "இந்த அங்கிளா? பின்னாடி கார் கழுவுற எடத்துல இருக்காரு லா, அக்கா" என்றாள். "கால்ல பிளாஸ்டிக் பைய கட்டிக்கிட்டு வேல செய்வாரு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன்."

அங்கே ஒரு காரின் சக்கரத்தைக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். பாதி உடம்பு ஆகிவிட்டார். தண்ணீரில் நிற்கிறார், வலது காலில் முட்டிவரை பை. பக்கத்தில் போகும்போதே வாடை அடித்தது. "அண்ணே" என்றேன். நிமிராமலே "வந்தேன் பாஸ்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பயந்தார், அக்கா. சுற்றிலும் பார்த்தார், என்னோடு யாராவது போனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்களா என்று.

"நான் மட்டுந்தான் வந்திருக்கேன்" என்றேன்.

"நல்லாதாம்மா இருக்கேன். போங்க. வள்ளிகிட்ட சொல்லாதீங்க."

"ஏன்ணே வீட்டுக்குப் போகல?"

சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்குக் கெளினிக்ல இருந்து வெளிய வந்தேன். மோட்டார்ல ஏறி ஒக்கார கால் ஒத்துக்கல. அப்படியே நின்னேன். மூணு வாரமா தெனம் பொய் சொல்லிட்டுப் போறேன் வீட்டுக்கு. வேல போச்சுன்னு சொன்னா, கேட்ட தொறந்து போட்டியான்னு அவ கேப்பா. ஆமான்னு சொல்லணும். எதுக்குத் தொறந்தேன்னு சொன்னா நம்புவாளா? அத எழுதிக் குடுக்கவே ஆள் இல்லையே. ஒரு வேல தேடிக்கிட்டு அப்புறம் போய்ச் சொல்லிக்கலாம்னு பஸ் ஏறுனேன்."

நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். "இந்த முறை நான் எந்திரிச்சுப் போகலண்ணே. ஒங்களுக்குத் தெரியாம அக்காகிட்ட சொல்லவும் மாட்டேன். இப்ப ஒங்க முன்னாடியே போன் போடப் போறேன். திட்டுறதுன்னா திட்டுங்க" என்றேன். "வேணாம்மா, வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். 'படம் வேணாம்' என்று அவர் சொன்னதை ஒருமுறை கேட்காமல் போனேன். மறுபடியும் அவர் சொல்லை மீறுகிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அழைத்தேன்.

நீங்கள் கேட்டது எனக்கு மட்டும் இல்லை, அவருக்கும் கேட்டது. "உசுரோட இருக்காரா?" என்றீர்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அண்ணன் நுரையும் தண்ணீருமாக இருந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல என்னை விட்டார். அது வரும்வரை, "அவ கொரலு ஏன் அப்படிக் கம்மிப் போயிருக்கு?" என்று திரும்பத் திரும்ப என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஆளே தங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் உங்களிடமும் சொன்னார். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் காலும் தங்கியிருக்கும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே நான் உண்மையை எழுதியிருந்தால் அந்த ஒரு வாரம் கிடைத்திருக்கும். இதை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

செலின்

●

காப்பார்
14 ஜனவரி 2025

செலினுக்கு,

வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இன்று பொங்கல். பக்கத்து வீடுகளில் பொங்கிவிட்டார்கள். நான் அடுப்பு மூட்டிச் சாதம் மட்டும் வடித்தேன்.

வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. நடு ராத்திரியோ பகலோ என்றில்லை, இல்லாத காலில் அரிக்கிறது என்கிறார். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். மகளைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். நேற்று பக்கத்து வீட்டு சுகுமாறன் அண்ணன் பார்க்க வந்தார். அவர் நலமா என்று கேட்பதற்கு முன்பே, இவர் "கேட்ட நான் சும்மா தொறந்து போடலண்ணே" என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

தினமும் இதைத்தான் சொல்கிறார். டாக்டரிடம் சொன்னார். மருந்துக் கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண்ணிடம் சொன்னார். கால் போனது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பழிதான் அறுக்கிறது.

நான் நம்புகிறேன் என்று சொன்னேன். "நீ நம்புவ. நீ என் பொண்டாட்டி" என்கிறார்.

அவர் கேட்ட தாளை இப்போது நான் கேட்கிறேன். கேட்டைத் திறக்கச் சொன்னது யார், எதற்கு, அவர் முதலில் மாட்டேன் என்றது, சாத்தப் போனவரை யார் உட்காரவைத்தது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கம்பெனிக்கு ஒன்று, தொழிலாளர் இலாகாவுக்கு ஒன்று. எழுத முடியாது என்றால் அதையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். இந்த முறை காத்திருக்க வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதியிருந்தீர்களே, ஒரு வாரம் என்று. அது எனக்கும் தெரியும். கணக்குப் போட எனக்கும் வரும். டாக்டர் சொல்வதற்கு முன்பே போட்டுவிட்டேன்.

அமுதவள்ளி

●

பிரிக்பீல்ட்ஸ்
17 ஜனவரி 2025

அக்கா,

உங்கள் கடிதம் நேற்று மதியம் வந்தது. நேற்றே எழுதினேன். இன்று காலை இரண்டு இடத்துக்கும் நேரில் போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினேன். நகல் இத்துடன் இருக்கிறது. கூட்டிக் குறைத்து எதையும் எழுதவில்லை. பின்வாசல் வழியாகப் போனதையும் எழுதியிருக்கிறேன். அது அவர்களுக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். எழுதாமல் விட முடியவில்லை.

முகுந்தன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் நல்லதுதானேக்கா செஞ்சேன்" என்றார். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். கடைசியில் கையெழுத்துப் போட்டார். குழு இனி என்னைச் சேர்த்துக்கொள்ளாது. சபையைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்கிறார்கள். கேட்டிருந்தால் பொறு என்றிருப்பார்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் எந்த நாளானாலும் வருவேன். உங்களுக்குப் பின்னால், தள்ளியே நிற்பேன்.

செலின்

●

காப்பார்
23 பிப்ரவரி 2025

செலினுக்கு,

தொழிலாளர் இலாகாவில் நீங்கள் தள்ளி நின்றதைப் பார்த்தேன். அதிகாரி கூப்பிட்டதும் முன்னால் வந்து பேசினீர்கள். உங்கள் மலாய் அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சொன்னீர்கள். கம்பெனி மேனேஜர் உங்களை மேலும் கீழும் பார்த்தான். நீங்கள் தலையைக் குனியவில்லை. அது வரைக்கும் சரி.

அன்று நீங்கள் கிளம்பிய பிறகு அதிகாரி எங்களிடம் தனியாகச் சொன்னதை எழுதுகிறேன். வேலையைத் திருப்பிக் கேட்டு மனு கொடுப்பது என்றால் நிறுத்திய நாளிலிருந்து அறுபது நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டுமாம். அது ஜனவரி தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. அதனால் அந்த வழி இல்லை. நவம்பரில் அந்தத் தாள் கிடைத்திருந்தால் இருந்திருக்கும். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆனால் போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சம்பவ நாளன்று கேட் திறந்திருந்தது வெளியாட்கள் கேட்டுக்கொண்டதால், காவலாளி வேலாயுதத்தின் அலட்சியத்தால் அல்ல, பதிவைத் திருத்திக்கொண்டோம் என்று ஐந்தே வரி. மலாயில் இருந்தது. சுபா தமிழில் சொன்னாள். "இன்னொரு தரம் படி" என்றார். படித்தாள். நான்கு தடவை படிக்க வைத்தார். பிறகு, "சுகுமாறன் அண்ணன் வீட்ல இருக்காரான்னு பாரு" என்றார். அவர் வந்து ஐந்தாவது தடவை படித்தார்.

அன்று சாயங்காலம் சுவரைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துப் படுத்தார். இரண்டு நாள் கழித்துச் சுபாவைக் கூப்பிட்டு, வேலைக்கு எத்தனை மணிக்குப் போகிறாள், மத்தியானம் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அவள் வேலை செய்யும் கடைக்கு நேரமாகியும் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான். வேறு பெரிய மாற்றம் இல்லை. கால் வரப் போவதில்லை. சில நாள் காலையில் எழுந்து, மறந்து போய் இரண்டு காலும் இருக்கிற மாதிரி கட்டிலை விட்டு இறங்கி விழுகிறார். தூக்குவதற்கு நான் இருக்கிறேன்.

சுபா, "அம்மா, அந்த ஆன்டிய மன்னிச்சிட்டேன்னு எழுதுங்களேன்" என்கிறாள். அதை எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். இரண்டு பக்கம் ஆகிவிட்டது. அது இன்னும் வரவில்லை. வராததை வந்ததாக எழுதினால் அது உங்கள் முதல் கடிதம் மாதிரி ஆகிவிடும்.

அவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். எதற்கு என்று கேட்டேன். "அன்னைக்கு வாளி மேல ஒக்காந்து மத்தியானம் முழுக்க இருந்துச்சு அந்தப் பொண்ணு. தண்ணி கூடக் குடிக்கல" என்கிறார். எனக்கு விருப்பம் இல்லை. இருந்தாலும் இது அவருடைய வீடும்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சபைக்குப் போவீர்கள். சனிக்கிழமை வாருங்கள். கிள்ளானிலிருந்து காப்பார் பஸ் ஏறி, பள்ளிக்கூடம் தாண்டி இறங்குங்கள். வேப்பமரம் இருக்கிற வரிசையில் மூன்றாவது வீடு. பதினோரு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறிவிடும்.

நான் உங்களிடம் பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். சோறு போடுவேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அமுதவள்ளி